ஏலம் போன அம்மிணி

பாறசாலை
8-8-1999

அன்புள்ள அத்தானுக்கு,

தங்கபாய் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் மாமியும் சுகம். மஸ்கட்டில் வெயில் தீயாய்க் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே மழை விட்டபாடில்லை. துணி காயவில்லை. பாதி ஈரத்தோடுதான் உடுத்திக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.

லீவு இந்த வருஷமும் இல்லை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று எழுதியிருந்ததை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். வராட்டா வேண்டாம், எங்க இருந்தாலும் சுகமா இருந்தாப் போரும் என்று சொல்லிவிட்டுக் கோழிக்குத் தவிடு வைக்கப் போய்விட்டார்கள். நான் என்னத்தைச் சொல்ல. அந்தக் கட்டிடத்தைக் கட்டி முடித்தால்தான் கொத்தனார்களை விடுவோம் என்று கம்பெனி சொன்னால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள். சீக்கிரம் முடியட்டும் என்று ஜெபிக்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

நேமத்தில் அந்த மிருகங்கள் காப்பகத்தில் உனக்கு என்னதான் வேலை என்று கேட்டிருந்தீர்கள். மாமியும் இதைத்தான் கேட்கிறார்கள், ஆனால் பதிலைக் கேட்க நிற்பதில்லை. சபையில் எல்லோரிடமும் என் மருமகள் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் ஜோலி பார்க்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். போன ஞாயிறு ஒரு அம்மா என்னிடம் வந்து சர்க்கரைக்கு என்ன மருந்து நல்லது என்று கேட்கிறார்கள். நான் கோதுமை சாப்பிடச் சொல்லிவிட்டு வந்தேன்.

பத்மகுமார் சார் பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். தென்னந்தோப்புக்குள் நாலு ஷெட் போட்டு, வண்டி அடித்த நாய், கண் தெரியாத காளை, சாக்கில் கட்டி எறிந்த பூனைக்குட்டி என்று எதைக் கொண்டு வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வார். நானும் ஷீனா என்று ஒரு பெண்ணும் பூனை ஷெட்டைப் பார்க்கிறோம். சோறு வைப்பது, மணல் மாற்றுவது, மருந்து கொடுப்பது, கடி வாங்குவது, இதுதான் வேலை.

அங்கே அம்மிணி என்று ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சாம்பல் நிறம், மூக்குக்கு மேல் ஒரு வெள்ளைப் பொட்டு. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் குட்டியாய்க் கிடந்தாளாம். விழுந்து விழுந்து எழும்பியதைப் பார்த்துப் பேய் பிடித்த பூனை என்று சொல்லி அடிக்கப் போயிருக்கிறார்கள். யாரோ ஒரு புண்ணியவதி சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டு வந்து சாரிடம் விட்டிருக்கிறாள். மிருக ஆஸ்பத்திரி ஷெமி டாக்டர் பார்த்துவிட்டு, மூளையில் நிலை தப்பாமல் நிற்க வைக்கிற பாகம் இவளுக்குப் பிறவியிலேயே வளரவில்லை என்று சொன்னார்களாம். வலி கிடையாது. கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆயுசு முழுக்க இப்படித்தான்.

அவள் நடப்பதை நீங்கள் பார்க்க வேண்டும் அத்தான். கள்ளுக்கடையில் இருந்து வருகிறவன்கூட இதைவிட நேராக வருவான். காலை அகட்டி வைத்து, ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, பொத்தென்று விழுவாள். விழுந்தவள் நான் இங்கே படுக்கத்தான் நினைத்தேன் என்கிற முகத்தோடு கொஞ்சம் படுத்துவிட்டு எழும்புவாள். வெட்கம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. பல்லியைப் பார்த்தால் சாடுவாள். பல்லி ஒரு சுவரில் இருக்கும், இவள் மறுசுவரில் போய் மோதுவாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் போகும்.

ஆனால் சோறு ஊட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கிண்ணத்துக்குப் பக்கத்தில் போனதும் தலை நடுங்கத் தொடங்கும், மூக்கு சோற்றில் இடிக்கும், கிண்ணம் உருளும். அதனால் கிண்ணத்தை ஒரு செங்கல் மேல் தூக்கி வைத்து, அவள் நெஞ்சுக்குக் கீழே என் இடது கையைக் கொடுத்து, இரண்டு விரலால் தாடையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடித்தால் நடுக்கம் நிற்கும். பிடித்த கையில் அவள் மொத்தப் பாரத்தையும் போட்டுவிட்டு மத்தி மீனைத் தின்பாள். நம்பித் தருகிற அந்தப் பாரம் இருக்கிறதே, எனக்கு ஒரு நாளுக்கு அது போதும்.

இப்போது கவலைக்கு வருகிறேன். ஷெட்டில் ஒரு முரட்டுக் கடுவன் பூனை வந்து சேர்ந்திருக்கிறது. மற்ற பூனைகள் ஓடி மரத்தில் ஏறிவிடும். அம்மிணி எங்கே ஓட. இரண்டு தடவை கடி வாங்கிவிட்டாள். இனி இவளை ஒரு வீட்டில் கொடுக்க வேண்டும், வீடு கிடைக்காவிட்டால் தனிக் கூண்டில்தான் வைக்க வேண்டும் என்று சார் சொல்கிறார். கூண்டு என்றால் சாகும் வரைக்கும் கூண்டு. விழுவதற்குக்கூட அதில் இடம் இருக்காது. நம் வீட்டுக்குக் கொண்டுவரட்டுமா என்று உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் மாமி கேட்பார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கர்த்தர் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கபாய்


பாறசாலை
9-9-1999

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மையிடம் கேட்டு அவர்கள் இஷ்டப்படி செய் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் புத்தியை மஸ்கட்டில் இருந்து ஸ்டாம்பு ஒட்டி அனுப்ப வேண்டுமா. அவர்களிடம் கேட்கப் பயந்துதானே உங்களைக் கேட்டேன்.

சரி, கேட்டேன். காலையில் ஜெபம் முடிந்த கையோடு, மனசு இளகியிருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். இளகியிருக்கவில்லை. எனக்க வீட்டுக்குள்ள பூச்ச கேறப்பிடாது என்று ஒரே போடாகப் போட்டார்கள். கோழிக்குஞ்சைப் பிடிக்குமாம். அவளால் நின்றுகொண்டிருக்கிற மண்பானையைக்கூடப் பிடிக்க முடியாது மாமி என்றேன். அப்படியென்றால் இழுப்பு வந்த சாதனமா, அது அதைவிட வேண்டாம் என்றார்கள். எந்தப் பக்கம் போனாலும் கதவை அடைக்கிறார்கள். கடைசியில், கிழக்கு வீட்டு ரெத்தினபாய் பார்த்தால் என்ன சொல்லுவாள், தள்ளாடுகிற பூனையை வளர்க்கிற வீடு என்று ஊரெல்லாம் சொல்லுவாள் என்றார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. வரப்புத் தகராறு தீர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இந்த இரண்டு பேரும் தீர்கிறதாக இல்லை.

எனக்கும் கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மாமியும் பேசவில்லை. வீட்டில் கோழி மட்டும்தான் சத்தம் போட்டது. மூன்றாம் நாள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்து என் முன்னால் நகர்த்தினார்கள். நானும் தின்றேன். ஆனால் பூனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சார் பேப்பரில் விளம்பரம்கூடக் கொடுத்துப் பார்த்தார். திருவனந்தபுரம் கோட்டையில் இருந்து ஒரு குடும்பம் கார் பிடித்து வந்தது. அம்மிணி அவர்களைப் பார்த்து நாலு எட்டு வைத்து, அந்த அம்மாவின் செருப்பு மேல் விழுந்தாள். அய்யோ பாவம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த மஞ்சள் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நேற்று வெல்டர் கூண்டைக் கொண்டு வந்து இறக்கினான். பச்சைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஷீனா அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டாள், பார்க்கப் பிடிக்கவில்லையாம். அறுப்பின் பண்டிகை மாசம் முடியும் வரை பொறுக்கிறேன் என்று சார் சொல்லியிருக்கிறார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கபாய்


பாறசாலை
27-10-1999

அன்பும் ஆசையும் நிறைந்த அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகமோ சுகம். உட்கார்ந்து சாவகாசமாக வாசியுங்கள். ரூமில் இருக்கிற மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அறுப்பின் பண்டிகை போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு நடந்தது. அதற்கு நாலு நாள் முன்னால் அந்தக் கடுவன் மறுபடியும் அம்மிணியைக் கடித்துவிட்டது. தோளில் சீழ் கட்டி, பண்டிகைக்கு முந்தின நாள் ஷெமி டாக்டர் கீறி எடுத்து, சுற்றிலும் வெள்ளைத் துணியால் கட்டுப்போட்டார்கள். ராத்திரியும் காலையும் மருந்து கொடுக்க வேண்டும், கையில் பிடித்து ஊட்டவும் வேண்டும். ஷீனா தன் அக்காள் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். சார் என் முகத்தைப் பார்த்தார். நான் பெரிய தைரியசாலி மாதிரி, நான் வீட்டுக்குக் கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பனையோலைக் கடவப்பெட்டியில் சாக்கை விரித்து அவளை உட்கார்த்தி, மேலே துணியைக் கட்டிப் பஸ்ஸில் கொண்டு வந்தேன். விறகுப்புரையில் ஒளித்து வைத்தேன். மாமிக்குத் தெரியாது. விடிந்த பிறகுதான் இக்கட்டு வந்தது. பண்டிகை ஆராதனைக்குப் போகாமல் இருக்க முடியாது. அம்மிணியை விறகுப்புரையில் விட்டுப் போனால் அவள் ஒரு விறகைச் சாய்த்து அதன் அடியில் கிடப்பாள். சரி, பண்டிகைக்கு எல்லோரும் காணிக்கைக் கடவம் சுமந்துதானே வருகிறார்கள், நானும் ஒன்றைச் சுமக்கிறேன் என்று புறப்பட்டேன். என்ன பிள்ளே அதில என்று மாமி கேட்டார்கள். கோயிலுக்குத்தான் மாமி என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

கோயிலின் பக்கத்து வராந்தாவில், நான் உட்காருகிற ஜன்னலுக்கு நேராகக் கடவத்தை வைத்துவிட்டு உள்ளே போனேன். இரண்டாம் பாட்டு முடிந்து திரும்பிப் பார்த்தால் கடவத்தைக் காணோம். கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை வராந்தாவில் இருந்ததையெல்லாம் காணிக்கை என்று நினைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய் முன்னால் அடுக்கியிருக்கிறார். வாழைக்குலை, தேங்காய், சேனை, காலைக் கட்டிய சேவல், நடுவில் நம் அம்மிணி. போதகர் முதற்பலனையெல்லாம் கர்த்தருக்குப் படைத்து ஜெபம் பண்ணுகிறார், கடவம் கிடுகிடு என்று ஆடுகிறது. எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் காணிக்கை ஏலம். சபைக் கமிட்டியில் இருக்கிற ஜெயன் பெஞ்சு மேல் ஏறி நின்று கூவத் தொடங்கினான். இது என் பூனை என்று அங்கேயே சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் மாமி என் பக்கத்தில் நிற்கிறார்கள். ராத்திரி முழுக்க அவர்கள் விறகுப்புரையில் பூனையை வைத்திருந்தேன் என்று சபைக்கு முன்னால் எப்படிச் சொல்லுவேன். சத்தம் காட்டாமல் நானே ஏலத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

ஜெயன் கடவத்தைத் தூக்கிப் பார்த்தான். அது ஆடியது. நல்ல கனமான அடைக்கோழி என்று அவனாகவே முடிவு செய்து கூவினான். நான் ஒரு விலை கேட்டேன். உடனே மாமி என் கையைப் பிடித்து அமுக்கி, உனக்குக் கோழி வேணுமுன்னா நான் எடுத்துத் தாரேன், நீ மிண்டாத சும்மா நில்லு என்று தானே கேட்டார்கள். மாமி கேட்டால் ரெத்தினபாய் சும்மா இருப்பார்களா. அவர்கள் ஏற்றினார்கள். மாமி ஏற்றினார்கள். நம் சபையில் எந்த வாழைக்குலையும் அந்த விலைக்குப் போனதில்லை. வேண்டாம் மாமி, விட்டுவிடுங்கள் மாமி என்று நான் சேலையைப் பிடித்து இழுக்கிறேன். இனிமே விட்டா அவளுக்குத் தலை நிமிர்ந்துபோவும் என்று என் கையைத் தட்டிவிட்டார்கள். கடைசியில் ரெத்தினபாய் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். ஜெயன் மூன்று தரம் சொல்லிக் கடவத்தை மாமி காலடியில் வைத்தான்.

மாமி வெற்றிப் பெருமையோடு அத்தனை பேர் முன்னாலும் துணியை அவிழ்த்தார்கள்.

முதலில் இரண்டு காது வந்தது. அப்புறம் நடுங்குகிற தலை. அம்மிணி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், வெளியே சாடினாள், கவிழ்ந்து விழுந்தாள், எழும்பினாள். கோயில் நடுவில் இப்படியும் அப்படியும் ஆடி ஆடி நடந்தாள். சாய்ந்து நிற்க அவளுக்கு எப்போதும் ஏதாவது வேண்டும். மாமியின் கால்தான் பக்கத்தில் இருந்தது. அதில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கோயிலே சிரித்தது அத்தான். போதகர் அங்கியால் வாயை மூடிக்கொண்டார். ரெத்தினபாய்க்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். இம்புட்டு விலை கொடுத்து ஒரு தள்ளாடிய பூச்சயா என்று கேட்டார்கள். நான் அழுதுகொண்டே முன்னால் போய், இது காப்பகத்துப் பூனை, நான்தான் கொண்டு வந்தேன், தெரியாமல் நடந்துவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். போதகர், பரவாயில்லை, ஏலத்தை ரத்து செய்துவிடலாம் அம்மா என்று மாமியிடம் சொன்னார்.

மாமி கீழே பார்த்தார்கள். காலில் சாய்ந்தவள் அசையவில்லை. மாமியும் காலை அசைக்கவில்லை. அப்புறம் ரெத்தினபாயைப் பார்த்து, கர்த்தருக்குப் படைச்சதாக்கும் இது, ஏலத்தில எடுத்தது நானாக்கும், கோயில்ல எடுத்தத திருப்பிக் கொடுக்கிய பழக்கம் எனக்க வீட்டில இல்ல என்றார்கள். அதோடு விட்டார்களா. அம்மிணியின் கட்டைக் காட்டி, எனக்க மருமவ ஆஸ்பத்திரியில ஜோலி பாக்கியான்னு சொன்னேனே, பாத்தியளா, எப்படி நறுவிசா மருந்து வச்சுக் கட்டியிருக்கா என்றார்கள். அந்தக் கட்டைப் போட்டது ஷெமி டாக்டர்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கடவத்தை என்னிடம் தரவில்லை, தாங்களே சுமந்தார்கள். சாயங்காலம் அடுக்களையில் இருந்து ஒரு சத்தம். பிள்ளோ, இது எப்படித் திங்கும், வந்து காட்டித் தா என்று. செங்கல்லை வைத்து, நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கிற விதத்தைக் காட்டினேன். முதலில் கழுத்தைப் பிடித்தார்கள், அம்மிணி தும்மினாள், மாமி முகமெல்லாம் மீன். இரண்டாம் தடவை கை சரியாக விழுந்தது. பாரத்தையெல்லாம் என் மேல போடுதாளே என்று சொல்லி மாமி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவள் தின்று முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

கோழிகளைப் பற்றிக் கவலைப்பட்டார்களே, இப்போது அந்தச் சிவப்புப் பெட்டை அம்மிணியை முற்றம் முழுக்கத் துரத்துகிறது. மாமி விளக்குமாறோடு கோழியை அதட்டுகிறார்கள். அவள் மோதுகிற மூலையெல்லாம் பழைய தலையணையைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். போன வியாழக்கிழமை பத்மகுமார் சார் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். அவர் கேட்க வந்த கேள்வியை விட மாமி அவரிடம் கேட்ட கேள்விதான் அதிகம். கடுவனை ஏன் அவிழ்த்து விட்டிய என்று கேட்டு ஒரு பிடி பிடித்துவிட்டு, கட்டன் சாயாவும் முறுக்கும் கொடுத்து அனுப்பினார்கள். பச்சைக் கூண்டை ஆட்டுக்குட்டிக்கோ எதற்கோ வைத்துவிட்டார்களாம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது மாதிரி என்றைக்கும் இறங்கியதில்லை.

வீட்டில் இப்போது பேச்சுச் சத்தம் கேட்கிறது அத்தான். நான் வேலைக்குப் போன பிறகும் மாமி பகல் முழுக்க அவளிடம் பேசுகிறார்கள். நேற்று நான் சீக்கிரம் வந்து பின்வாசலில் நின்று கேட்டேன். எனக்க மவன் சின்னதில உன்ன மாதிரித்தான் நடந்து நடந்து விழுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு குறைதான். முற்றத்தில் இருந்து வீட்டுக்கு ஏறுகிற படி அவளுக்கு முடியவில்லை. இறங்கும்போது உருண்டு விழுகிறாள், ஏறும்போது பாதியில் சரிகிறாள். மாமி தூக்கித் தூக்கி ஏற்றி இறக்கி முட்டு வலிக்கிறது என்கிறார்கள். படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு சாய்வு கட்டினால் அவள் பாட்டுக்கு நடந்து ஏறுவாள். ஜெயனுடைய அப்பாவும் கொத்தனார்தானே, ஒரு காலைப்பொழுது வேலை, சொல்லட்டுமா என்று கேட்டேன். மாமிக்கு வந்ததே கோபம். கண்டவன் பூசின சிமிண்டில எனக்க பூச்ச வழுக்கி விழணுமா, கொத்தனைப் பெத்து வச்சிருக்கேன், அவன் வந்து கட்டட்டு, அவனுக்கு எழுது என்றார்கள். நான் பேனாவை எடுத்த பிறகும் பக்கத்திலேயே நின்றார்கள். எப்போ வருவான்னு கேட்டு எழுதினியா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.

நீங்கள் போன இத்தனை வருஷத்தில் மாமி உங்களை வா என்று சொல்லி நான் கேட்டதில்லை. நானும் எழுதியதில்லை.

இன்று காலையில் ஒரு வண்டி மணல் வந்து இறங்கியது. மாமி என்னிடம் சொல்லவே இல்லை. முற்றத்தில் குவித்து, மேலே ஓலை போட்டு, ஓலை பறக்காமல் கல் வைத்திருக்கிறார்கள். ஐப்பசித் துலாமழை தொடங்கிவிட்டது. ஓலை எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை.

உங்கள் பிரயாணத்தைக் கர்த்தர் ஆசீர்வதித்து, ஒரு பொல்லாப்பும் இல்லாமல் உங்களை வீட்டு வாசலில் கொண்டு வந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கபாய்